கத்திரியில் புல் மஞ்சளாகட்டும்

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம் பக்கமெல்லாம் ஒரு கிரவுண்டு வாங்கி, பாதியில் வீட்டைக் கட்டி, மீதியில் கொஞ்சம் புல்தரை போடலாம் என்று ஆசைப்படுகிற இளம் தம்பதிகள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். நான் கல்லூரியில் தோட்டக்கலை படித்தவனில்லை. மண்வெட்டி பிடித்தே தலை நரைத்தவன். வருகிறவர்கள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். லண்டனிலோ கலிஃபோர்னியாவிலோ எடுத்த பச்சைப் பசேல் புல்வெளி. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர் வெயில் வேறு, மழை வேறு. நம் கடற்கரை மாவட்டங்களில் தோட்டத்தின் ஆண்டு வடகிழக்குப் பருவமழையை வைத்துத்தான் சுற்றும். அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை குறையும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

1. புல்லைப் பார்க்குமுன் தண்ணீரைப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் அது ஒரு லிட்டர். நம் கோடைக்குப் புல்தரை நாளொன்றுக்கு நாலைந்து மில்லிமீட்டர் குடிக்கும். 100 சதுர அடி என்பது ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக, நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர். ஆயிரம் சதுர அடிக்குப் போட்டால் 400 லிட்டர். மொட்டை மாடியில் நிற்கிற 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இரண்டரை நாளில் காலி. சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற தெருவில் இது நடக்குமா, சொல்லுங்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அப்படி ஒரு ஆண்டு திரும்பி வந்தாலும் தாங்குகிற அளவுக்குப் புல் போடுங்கள். என்னைக் கேட்டால் நூறு, நூற்றைம்பது சதுர அடி போதும். இரண்டு நாற்காலி போடலாம், குழந்தை உருளலாம். மீதி இடத்தில் செடி, கொடி, ஒரு மரம், அப்புறம் சும்மா மண். வாசலில் வெறும் மண் கிடந்தால் அசிங்கம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கோலம் போட்டதெல்லாம் மண்ணில்தானே?

2. ஊர் மாறினால் நாளும் மாறும்.

நான் சொல்வது சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கடலோரக் கணக்கு. கோயம்புத்தூரில் மழை இங்கே பெய்வதில் பாதிதான். ஆடிக் காற்று வேறு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். நாகர்கோவிலுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகும். அங்கே மூடிக் காக்கிற நேரத்தில் இங்கே நாம் பூ பறித்துக்கொண்டிருப்போம். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளியைப் பார்த்துவிட்டு வந்து கேளம்பாக்கத்தில் அதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அது 1848-ல் தொடங்கிய பூங்கா. கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. நம் வீடு கடல் மட்டத்திலேயே இருக்கிறது.

3. தோட்டத்துக்குப் புத்தாண்டு ஆடியில்.

புது வீட்டுக்காரர்கள் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் புல் வேண்டும் என்று வைகாசியில் வந்து நிற்பார்கள். வேண்டாம். வைகாசியில் நட்ட புல்லைக் காப்பாற்றுகிற தண்ணீரில் ஒரு குடும்பம் குளிக்கலாம். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை அவ்வப்போது இறங்கும், வெயிலும் தணியும். அப்போது நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். மண் அரித்துக்கொண்டு போகாது.

நடுமுன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். புது வீட்டு மண்ணில் பாதி கொத்தனார் விட்டுப்போன சிமென்ட் கட்டி, ஜல்லி, செங்கல் துண்டாக இருக்கும். ஒரு அடி ஆழத்துக்குக் கிளறி அதையெல்லாம் பொறுக்கியாக வேண்டும். லாரியில் செம்மண் என்று சொல்லிச் சவுட்டைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கையில் எடுத்து நனைத்துப் பிசைந்து பாருங்கள். ஒட்டாமல் உதிர்ந்து, காய்ந்தால் கல்லாக இறுகினால் அதைத் திருப்பி அனுப்புங்கள். மக்கிய எரு வேண்டும். பச்சைச் சாணி கலக்கவே கூடாது. களைவிதையும் புழுவும் அதோடு வந்து இறங்கும்.

தரை வீட்டுச் சுவரிலிருந்து வெளியே சாய்ந்திருக்க வேண்டும். எட்டடிக்கு ஒரு அங்குலம் சரிவு போதும். இதை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். சரிவு தவறினால் ஐப்பசியில் தண்ணீர் உங்கள் அஸ்திவாரத்தடியில் வந்து நிற்கும். அப்போது புல்லைப் பற்றி யாரும் பேச மாட்டோம்.

4. எந்தப் புல்?

நர்சரியில் பெரும்பாலும் கொரியன் புல்லைக் காட்டுவார்கள். மெத்தென்று இருக்கும், மெதுவாக வளரும், அடிக்கடி வெட்ட வேண்டாம். ஆனால் வெற்றிடம் விழுந்தால் மூடவும் அதே மெதுவாகத்தான் மூடும். களை புகுந்துவிட்டால் இடுக்கில் இருந்து பிடுங்கி முடியாது. பெர்முடா என்று விற்பது நம் அருகம்புல்லின் உறவு. ஓட ஓட விட்டால் பரவும், மிதிபடத் தாங்கும், ஆனால் முழு வெயில் வேண்டும். ஆறு மணி நேரம் வெயில் விழாத இடத்தில் அதைப் போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். பக்கத்து வீட்டு மூன்று மாடி நிழல் விழுகிற இடமென்றால் அகல இலை பஃபலோ புல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மாமரத்தடி இருட்டில் எந்தப் புல்லும் வேண்டாம். அங்கே சருகைப் பரப்பி விடுங்கள்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துக்காரர்கள் பெர்முடாவோ கொரியனோ போடுவது நல்லது. இரண்டும் உப்பைக் கொஞ்சம் பொறுக்கும். கோடை முழுக்க மண்ணில் வெள்ளையாகப் பூக்கிற உப்பை ஐப்பசி மழை கழுவிக் கீழே இறக்கிவிடும்.

5. வெட்டும்போது பேராசை வேண்டாம்.

ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டதா? இரண்டுக்கு இறக்குங்கள், ஒரு வாரம் பொறுத்து மறுபடி இறக்குங்கள். ஒரே வீச்சில் தரையோடு மழித்தால் மறுநாள் பழுப்புத் தண்டுதான் தெரியும். வேரும் அதிர்ந்து சுருங்கும். கோடையில் இன்னும் கொஞ்சம் உயரமாக விட வேண்டும். புல் தன் நிழலில் தன் வேரைக் காக்கும்.

கத்தி மழுங்கியிருந்தால் இலை வெட்டுப்படாமல் கிழியும். வெட்டின இரண்டாம் நாள் நுனியெல்லாம் வெளுத்தால் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுங்கள். நூறு சதுர அடிக்குத் தள்ளிக்கொண்டு போகிற உருளை வண்டி போதும். பெட்ரோல் இயந்திரம் வாங்கி வைத்து எலி கூடு கட்டியதைத்தான் பல வீட்டில் பார்த்தேன்.

வெட்டின புல்லை அள்ளிக் குப்பை வண்டியில் போடாதீர்கள். மெல்லியதாக இருந்தால் அங்கேயே விடுங்கள், மண் தின்றுவிடும். கற்றையாக இருந்தால் செடிகளின் அடியில் போடுங்கள்.

6. தண்ணீரை ஆழமாக விடுங்கள், அடிக்கடி விடாதீர்கள்.

தினமும் குழாயைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தெளிப்பது மனதுக்கு இதம், புல்லுக்குக் கேடு. மேல் ஒரு அங்குலம்தான் நனையும். வேரும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஒருநாள் மோட்டார் பழுதானால் சாகும். வாரத்துக்கு இரண்டு தடவை, மண் அரையடிக்கு நனைகிற மாதிரி விடுங்கள். நீளத் திருப்புளி ஒன்றை மண்ணில் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்குகிற ஆழம்வரை ஈரம் இருக்கிறது. மணல் மண்ணென்றால், திருவான்மியூர், பாலவாக்கம் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவையாகப் பிரிக்கலாம். பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் ஒரே மூச்சில் விட்டால் மேலேயே ஓடும். பாதி விட்டு, அரைமணி பொறுத்து, மீதியை விடுங்கள்.

நேரம் விடியற்காலை. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

7. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மரத்துக்கு ஒதுக்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கிற சுமார் 1400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் கொட்டும். புயலும் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரை கடந்த பிறகு தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்து கிடந்ததை இந்த ஊரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாய்ந்தவற்றில் பல, வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசி மூச்சை அடைத்த மரங்கள். உங்கள் வீட்டு மரத்தடியில் டைல்ஸ் போட்டிருக்கிறீர்களா? குறைந்தது மூன்றடி வட்டத்துக்காவது பெயர்த்தெடுங்கள். பார்க்க அழகாக இருந்தாலும் பெயர்த்தெடுங்கள்.

மரத்தை மொட்டையடிக்கச் சொல்லவில்லை. நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிற கிளைகளில் சிலதை எடுத்து, காற்று ஊடே போக வழி விடுங்கள். காய்ந்த கிளை, கூரை மேலோ மின்கம்பி மேலோ தொங்குகிற கிளை, இவை கட்டாயம் போக வேண்டும். கம்பியைத் தொடுகிற கிளையென்றால் மின்வாரியத்தில் சொல்லி வெட்டச் செய்யுங்கள். நீங்கள் ஏணி போடாதீர்கள்.

பெரிய கிளையை வெட்டும்போது முதலில் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு கீறல். பிறகுதான் மேலிருந்து வெட்டு. இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தில் முறிந்து தாய்மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். கிளை தண்டோடு சேருமிடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு வெளிப்பக்கம் வெட்டினால் காயம் தானே மூடும். முருங்கை எப்படியும் முறிகிற மரம். மழைக்கு முன்பே தலையைக் குறைத்து விடுங்கள். தழைத்து வருவதற்கு அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றின குலையையும் இறக்குங்கள். ஏறுகிறவரிடம் சொல்லி, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடச் சொல்லுங்கள். காண்டாமிருக வண்டு அண்டாது. அந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியில். ஆகவே எருக்குழி வைத்திருக்கிறவர்கள் அதைக் கிளறி வெள்ளைப் புழுவைப் பொறுக்குவதும் இதே வேலையில் சேர்த்தி.

8. மாடித் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அன்றைக்குக் கட்டின குழிகளில் பல இன்று சேறடைந்து, மூடியைத் திறந்தே ஆண்டுக்கணக்காகி இருக்கும். 1000 சதுர அடி மாடியில் ஓராண்டு மழை ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். முதல் குறிப்பில் சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: சின்னப் புல்தரை ஒன்றின் கோடைத் தேவையைப் போல இது பல மடங்கு. ஐப்பசி பிறக்குமுன் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் சிக்கிய இலையை எடுத்து, குழியில் மேலாக இருக்கிற மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாதவர் தோட்டத்தைப் பற்றி என்ன கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை.

9. அடைமழையில் சும்மா இருங்கள்.

ஊறின மண்ணில் நடந்தால் மண் இறுகும். பிறகு மாதக்கணக்கில் காற்று புகாது. புல் எவ்வளவு வளர்ந்தாலும் பரவாயில்லை, தரை கெட்டிப்படும்வரை வெட்ட இறங்காதீர்கள். உரம் போடாதீர்கள், அது சாக்கடைக்குத்தான் போகும். வெள்ளம் நின்று வடிந்தால், படிந்த சேற்றை மெல்ல வாரியெடுத்துவிட்டு, தரை காய்ந்ததும் முள்கரண்டியால் நாலு அங்குலத்துக்கு ஒரு குத்து. அவ்வளவுதான்.

10. ஆனால் கண் மட்டும் திறந்திருக்கட்டும்.

மழை விட்ட இரவில் ஆப்பிரிக்க நத்தை வரும். உள்ளங்கை அகலம், பப்பாளிக் கன்றையும் சாமந்தி நாற்றையும் ஒரே இரவில் மொட்டையாக்கும். டார்ச்சும் வாளியும் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போடுங்கள். செடி மேல் உப்பைத் தூவாதீர்கள். கையில் உறை கட்டாயம். அந்த நத்தையின் உடலில் மனிதனுக்கு ஆகாத புழுக்கள் இருக்கக்கூடும். குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டியிருக்கும் காலமும் இதுதான். உடம்பில் பட்டால் தடித்துவிடும். மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், நீளக் கம்பில் துணி சுற்றிப் பொசுக்கினால் போதும்.

பூத்தொட்டியடித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, கிழிந்த டயர், ஏசியிலிருந்து சொட்டுகிற வாளி, இவற்றில் தேங்கின நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது இவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். சுவரோரம் புல்லைக் குட்டையாக வைத்துக்கொண்டு, செங்கல் குவியல், விறகுக் குவியலை அகற்றிவிட்டால் பாம்புக்கு ஒளிய இடமில்லை. வந்துவிட்டால் தடியைத் தேடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

11. கார்த்திகையில் குண்டுமல்லியை வெட்டுங்கள்.

இதற்குத்தான் வீட்டுப் பெண்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தழைதழைவென்று நிற்கிற செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? வெட்டாத மல்லி இலையாய்த் தழைக்கும், பூ குறையும். நவம்பர் கடைசி வாரம், மழை ஓய்ந்த ஒரு நாளில் வெட்டி, அடியைக் கொத்தி, ஒரு கூடை எருவைப் போட்டு விடுங்கள். மாசி, பங்குனியில் மொட்டு எண்ண முடியாது. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப் பூவுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. உருவம் கெட்டால் கத்தரியுங்கள்.

12. மார்கழியில் சாயங்காலத் தண்ணீர் கூடாது.

பனி இரவெல்லாம் புல்லை நனைக்கிறது. அதன்மேல் நீங்களும் நனைத்தால் வட்ட வட்டமாகப் பழுப்புப் பூசணம் விழும். விழுந்துவிட்டால் தண்ணீரைக் குறைத்து, யூரியாவை நிறுத்தி, வெயில் படச் செய்யுங்கள். பாதி தானே சரியாகும்.

பூச்செடிகளுக்கு இது பொற்காலம். சாமந்தி, துலுக்க சாமந்தி, கோழிக்கொண்டை எல்லாம் பொங்கலுக்குப் பூக்க வேண்டுமானால் நாற்று ஐப்பசியிலேயே மழைக்கு மறைவாகத் தயாராக வேண்டும். மார்கழியில் நர்சரிக்கு ஓடிப் பூத்த தொட்டியை வாங்குவது தோட்டமாகாது, கடை.

13. போகியன்று சருகைக் கொளுத்தாதீர்கள். அன்றைய காலைப் புகையில் சென்னை விமானங்களே தாமதப்பட்டிருக்கின்றன. சருகு எரிப்பதற்கானதல்ல, அடுத்த குறிப்பைப் படியுங்கள்.

14. மாசி, பங்குனியில் விழுகிற இலை உங்கள் கோடைச் சேமிப்பு.

வேம்பும் புங்கனும் கோடைக்கு முன் இலை உதிர்க்கும். தினமும் பெருக்கி மூட்டை கட்டித் தெருவில் வைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதே வீட்டுக்காரர்கள் அடுத்த வாரம் கடையில் மூட்டை உரம் வாங்குவார்கள். சருகை மரத்தடியிலும் செடியடியிலும் மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விடுங்கள், ஒட்டினால் கறையான் ஏறும். தேங்காய் உரிமட்டை கிடைத்தால் முதுகு மேல்நோக்கி இருக்கக் கவிழ்த்துப் போடுங்கள். புல்தரையில் விழுந்த சருகை மட்டும் வாரிவிட வேண்டும். அங்கே கிடந்தால் புல் மூச்சுத்திணறும்.

புல்லுக்கு உரம் போட இதுவும் ஆடியும்தான் சரியான காலம். சலித்த எருவும் மணலும் கலந்து கால் அங்குலம் தூவி, துடைப்பத்தால் வேருக்குள் இறக்குங்கள். யூரியா போட்டே தீருவேன் என்றால், 100 சதுர அடிக்கு 50 கிராம், ஈரமண்ணில், உடனே தண்ணீர். கைப்பிடி கணக்கில் தூவினால் கை பட்ட இடமெல்லாம் கருகும்.

15. கத்திரியில் புல் மஞ்சளாகட்டும்.

மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை அக்கினி நட்சத்திரம். இந்த நாட்களில்தான் புதிதாகத் தோட்டம் வைத்தவர்கள் பதறுவார்கள். புல் பழுக்கிறதே, செத்துவிட்டதே என்று காலையும் மாலையும் தண்ணீரைக் கொட்டுவார்கள். அருகும் கொரியனும் சாகவில்லை. மேல் இலையைக் காயவிட்டு, மண்ணுக்கடியில் ஓடுகிற தண்டில் உயிரை வைத்துக்கொண்டு உறங்குகின்றன. திண்ணையில் மதியம் கண்ணயர்ந்த தாத்தாவைத் தட்டி எழுப்புவோமா? பத்து, பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை 100 சதுர அடிக்கு நூறு லிட்டர் போல விட்டால் தண்டு உயிரோடிருக்கும். முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒரே வாரத்தில் பச்சை திரும்பும். அந்த உறக்கத்தில் மிதிக்காதீர்கள், வெட்டாதீர்கள், உரம் காட்டாதீர்கள்.

இரண்டு விலக்கு உண்டு. ஆண்டு திரும்பாத புதுப் புல்லுக்கு ஆழவேர் இல்லை, அதற்குத் தண்ணீர் வேண்டும். பஃபலோ புல்லுக்குத் தண்டு மண்ணுக்கு மேலேயே ஓடுகிறது. முழுக்கக் காய்ந்தால் போயேபோய்விடும்.

இருக்கிற தண்ணீரை முதலில் மரக்கன்றுக்கும் பழச்செடிக்கும் கொடுங்கள். புல்லை மூன்று மாதத்தில் மறுபடி வளர்க்கலாம், ஐந்து வயது எலுமிச்சையை வளர்க்க ஐந்து வருடம் ஆகும்.

16. கத்திரி வெயிலுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கோரை.

கோரையைக் கையால் பிடுங்கினால் இலைதான் வரும்; கீழே கிழங்கு சிரித்துக்கொண்டிருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் நாலு முளைக்கும். மே மாத வெயிலில் முளைத்த இடத்தை முக்கால் அடிக்குக் கொத்திப் புரட்டி, கிழங்கு வெளியே தெரியக் காயவிடுங்கள். வெயிலில் வறண்டால் கோரைக் கிழங்கு பிழைக்காது. பொறுக்கியெடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள். ஒரே கோடையில் ஒழியும் என்று ஏமாற வேண்டாம். இரண்டு மூன்று கோடை ஆகும்.

களைக்கொல்லி வாங்கிவரவா என்று கேட்பீர்கள். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. குழந்தை உருளுகிற புல்லில் அது எதற்கு? மழைக்குப் பிறகு முளைக்கிற பார்த்தீனியத்தையும் பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள், தோலில் பட்டால் அரிக்கும்.

17. வீட்டுத் தண்ணீரைத் தரம் பிரியுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். தொட்டிச் செடிக்கு அதைவிட நல்லது இல்லை. குளியலறைத் தண்ணீரைக் கல்வாழை, வாழை, சேம்பு நட்ட பாத்திக்குத் திருப்புங்கள். சலவை இயந்திரத்தின் முதல் தண்ணீரில் சோடியம் அதிகம், அது சாக்கடைக்கே போகட்டும். ஆர்ஓ கருவி வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு குவிந்திருக்கும். வண்டி கழுவ, மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள், புல்லுக்கு ஊற்றாதீர்கள்.

18. பூச்சியைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

கோடையில் செம்பருத்தி நுனியில் மாவுப்பூச்சி வெள்ளையாய் ஒட்டும். முதலில் குழாயை வேகமாகப் பீய்ச்சுங்கள். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். எறும்புச் சாரையைக் கவனியுங்கள். மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிப்போய் வளர்ப்பதே எறும்புதான்.

19. தோட்டக்காரரை ‘அண்ணே’ என்று கூப்பிடுங்கள்.

மாதம் இரண்டு நாள் வந்து புல் வெட்டிப் பாத்தி கொத்துகிறவருக்கு உங்கள் மண்ணைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த மூலையில் கறையான் புற்று, எந்தச் செடி பொய்க்கப் போகிறது என்று அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்கிற நாளில் வெட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் அவரை வேலை வாங்காதீர்கள், ஆறு மணிக்கே வரச் சொல்லுங்கள். அடைமழை மாதங்களில் அவருக்கு எங்கும் வேலை இருக்காது. மாதச் சம்பளம் பேசியிருந்தால் அதைப் பிடிக்காமல் கொடுங்கள். நாள்கூலி என்றால், மண்வெட்டியைக் கழுவி வைத்ததும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.